சரிக்கட்டிக்கொண்டு வரவும்

கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியது தப்பு என்று ஒருத்திக்குக் கடிதம் வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெட்டித் தாளில், முத்திரை குத்தி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வந்தது.

அந்த ஒருத்தி ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு நாற்பத்திரண்டு வேன்கள் மேடையோரம் வரிசையாக வந்து நிற்கும். எந்த வேனில் எந்த டிரே, எது பள்ளிக்கூடத்துக்கு, எது ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கடைக்காரர் நேற்று மிச்சம் வைத்தார், இன்றைக்கு அவருக்கு எவ்வளவு குறைத்து யாருக்குக் கூட்ட வேண்டும், எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போவாள். எட்டு மணிக்கு மேடை துடைத்து விட்டாற்போலக் காலியாகிவிடும். அதனால் அவளுக்கு வேனக்கா என்று பெயர். அவளைவிட இருபது வயது மூத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் அறைக் கதவில் 'மேலாளர் (பொறுப்பு)' என்று ஒரு பலகை தொங்கியது. பழைய மேலாளர் ஓய்வு பெற்ற அன்று, புது ஆள் வருகிற வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பணியாளர் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். புது ஆளும் வரவில்லை, அந்த 'கொஞ்ச'மும் முடியவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது திடீரென்று மேலிடத்துக்கு ஞானோதயம் வந்து, நிர்வாகப் படிப்பு இல்லாத யாரும் மேலாளர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். வருடக் கடைசிக்குள் ஒரு நிர்வாகக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினால் நாற்காலி அவளுக்கே. காட்டாவிட்டால் பட்டம் வாங்கிய வெளியாள் ஒருவர் வருவார், அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கிற பொறுப்பு அவளுடையது. முதல் பாதியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது பாதிதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அதனால்தான் முப்பத்தொன்பது வயதில் நுழைவுத் தேர்வு எழுதினாள். தேர்வில் மூன்று பிரிவு: மொழி, கணக்கு, பட்டியல் வாசிப்பு. கணக்கில் தொண்ணூற்றொன்பது, பட்டியலில் தொண்ணூற்றேழு, மொழியில் ஐம்பத்தெட்டு. வீட்டில் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை வைத்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றான். மகள் பெருமையில் பக்கத்து வீட்டு மணியை அடிக்கவே போய்விட்டாள். அப்போதுதான் கூட வந்திருந்த இரண்டாவது தாளைப் பிரித்தார்கள்.

'தங்கள் மதிப்பெண்களில் பிரிவுகளுக்கிடையே நாற்பத்தோரு மதிப்பெண் வேறுபாடு காணப்படுவது கவலையளிக்கிறது. அனுமதிக்கப்பட்ட வேறுபாடு பத்து. எனவே தாங்கள் பிரிவு மதிப்பெண்களைச் சரிக்கட்டிக்கொண்டு மறுதேர்வுக்கு வரவும்.'

அவள் மூன்று தடவை படித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. புருஷனுக்கு ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது. 'சரிக்கட்டிக்கொண்டு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினான்.

"இதைவிட வெளிப்படையா யாரும் எழுத மாட்டாங்க. அங்க யாரோ ஒருத்தரைச் சரிக்கட்டணும். யாருன்னு மட்டும் போய் மரியாதையா கேட்டுட்டு வா."

அவளுக்கு அந்த மாதிரி வழிகளில் நடந்து பழக்கமில்லை. ஆனால் பேர்போன கல்லூரியே எழுத்துமூலமாகக் கேட்கும்போது, கேட்காமல் இருப்பதும் மரியாதைக் குறைவோ என்று ஒரு சந்தேகம். மறுநாள் வேன்களை அனுப்பிவிட்டு, அரை நாள் விடுப்புப் போட்டுக் கிளம்பினாள்.

கல்லூரிக் கட்டடத்தில் எல்லாமே இரண்டு. வாசல் இரண்டு, படிக்கட்டு இரண்டு, வாசலுக்கு ஒரு காவலாளி. இடது வாசலில் அவளை விசாரித்த காவலாளி, வலது வாசல் காவலாளிக்குக் கையைக் காட்டினார். அந்தப் பக்கமும் ஒரு ஆள் வந்து சேரும்வரை அவளை உள்ளே விடவில்லை. இருபது நிமிடம் கழித்து வழி தெரியாமல் ஒரு தண்ணீர் கேன்காரர் வந்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே போனார்கள்.

சமநிலைப் பிரிவில் இரண்டு எழுத்தர்கள், ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரி கண்ணாடி. இடப்பக்கத்து எழுத்தர் அவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு வலப்பக்கத்து எழுத்தரிடம் கொடுத்தார். அவரும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் செய்கிற வேலையைத்தான் மற்றவரும் செய்தார். அப்படியானால் இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அடக்கிக்கொண்டாள். யாருக்கும் கேட்காத குரலில், தயங்கித் தயங்கி, விஷயத்துக்கு வந்தாள்.

"சார், இதுல சரிக்கட்டிட்டு வரச் சொல்லியிருக்கு. யாரைச் சரிக்கட்டணும்?"

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இடப்பக்கத்துக்காரர் சொன்னார்:

"உங்களைத்தாம்மா."

விளக்கம் வேண்டுமென்றால் தலைவரைப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தாள். சமநிலைத் துறைத் தலைவரின் அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்காரப் போனவளைத் தடுத்து, ஒருபக்கமாகச் சாய வேண்டாம் என்று நடுவில் நிற்க வைத்துவிட்டார். மனிதர் நல்லவிதமாகத்தான் பேசினார். வந்தவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார், இரண்டு டம்ளரில்.

தானும் இதே தேர்வை எழுதி வந்தவர்தான் என்றார். இரண்டு பிரிவில் நாற்பத்தொன்று, ஒன்றில் நாற்பது. அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். முன்பெல்லாம் மொத்த மதிப்பெண்ணுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு இருந்ததாகவும், அது சமநிலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். இத்தனை கணக்குத் தெரிவதில் என்ன கெடுதல் என்று அவள் கேட்டபோது, அவருக்கு உண்மையாகவே வருத்தம் வந்துவிட்டது.

"நாங்க உருவாக்குறது தலைவர்களை. ஒரு வேலை நல்லாத் தெரிஞ்ச ஆளைத் தலைவரா உட்கார வெச்சீங்கன்னா என்ன ஆகும்? அந்த வேலையைச் செய்ய ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் தலைமை யார் தாங்குறது? எனக்குப் பாருங்க, எதுவுமே அந்த அளவுக்குத் தெரியாது. அதனால எல்லாத் துறைக்கும் என்னால தலைமை தாங்க முடியுது."

அப்படியானால் மொழியைப் படித்துத் தொண்ணூறுக்கு ஏற்றிவிடுகிறேன் என்றாள் வேனக்கா. தலைவர் சிரித்தார். இந்த வயதில் மொழி மாதத்துக்கு இரண்டு மதிப்பெண் ஏறினால் பெரிது, அதற்குள் வருடம் முடிந்துவிடும், ஆனால் கணக்கையும் பட்டியலையும் ஒரே மாதத்தில் நாற்பது இறக்கலாம் என்று புள்ளிவிவரம் காட்டினார். கல்லூரியே அதற்கு ஒரு வகுப்பு நடத்துகிறது. பெயர் இறக்கப் பயிற்சி.

வெளியே வந்து புருஷனுக்குப் போன் செய்து, சரிக்கட்ட வேண்டிய ஆள் நான்தானாம் என்றாள். அது கொஞ்சம் கஷ்டமாச்சே என்றான் அவன். பதினைந்து வருடமாக முயன்று பார்த்தவன்.

இறக்கப் பயிற்சி சாயங்காலத்தில் நடந்தது. வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். மூன்றாவது வருடமாக வந்துகொண்டிருந்த நில அளவையாளர் ஒருவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் களையே இல்லை. வாத்தியார் ஒரு காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பல பேரை ஏற்றிவிட்டவர். இறக்குவதற்குச் சம்பளம் இரட்டிப்பு என்பதால் இந்தப் பக்கம் வந்துவிட்டார். தெரிந்தே தப்பான விடையைக் குறித்துவிட்டால் போதாதா என்று வேனக்கா கேட்டாள். எல்லாரும் முதல் நாள் கேட்கிற கேள்விதான் என்றார் வாத்தியார். வேண்டுமென்று செய்த தப்பை இயந்திரம் கண்டுபிடித்துவிடும், தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள், மனசாரத் தப்புச் செய்ய வேண்டும் என்றார்.

"ஏழெட்டு எவ்வளவும்மா?"

"அம்பத்தாறு."

"அவசரப்படாம யோசிங்க."

"யோசிச்சாலும் அம்பத்தாறுதான் சார்."

வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் ஒருவேளை சமாளித்திருப்பாள். இது அவள் வயிற்றுப்பாட்டுக் கணக்கு. வேனுக்கு ஏழு அடுக்கு, அடுக்குக்கு எட்டு டிரே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐம்பத்தாறுதான் வரும். வாத்தியாரும் அதைப் புரிந்துகொண்டு, இங்கேதான் வேர் இருக்கிறது, இதைப் பிடுங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சாய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். ஏழு பேர் நிற்கிறார்கள், ஆளுக்கு எட்டுப் பழம் கொடுக்கிறீர்கள், அதில் ஒருத்தர் பாவம், கூச்ச சுபாவம், ஆறுதான் வாங்கிக்கொள்கிறார் என்றார். இரண்டு வாரம் தினமும் அந்தக் கூச்ச சுபாவக்காரரை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பதினைந்தாம் நாள் வாத்தியார் கேட்டதும், ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அம்பத்து... நாலா சார்?"

வகுப்பு முழுக்கக் கைதட்டியது. நில அளவையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொறாமையா பரிதாபமா தெரியவில்லை. வாத்தியார் அவள் நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக் கொடுத்தார்.

முன்னேற்றம் என்றால் வகுப்போடு நிற்குமா? வீட்டுக்கும் கூடவே வந்தது. மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டே, அம்மா ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி ஐம்பத்து நாலு என்றாள். மகளும் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண் அம்மாவிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அப்பாவிடம் கேட்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். வேனக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தச் சனியனை விட்டுத்தொலை என்று புருஷன் சொன்னான். ஆறு வருஷம் பார்த்த வேலையை எவனுக்கோ நான் சொல்லிக்கொடுக்கணுமா என்று அவள் கேட்டாள்.

அதே வாரம் அது தொழிற்சாலைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலையில் எட்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் மேடை காலியாகவில்லை. எண்பத்து நாலு டிரே ரொட்டி அப்படியே நிற்கிறது. நாற்பத்திரண்டு சீட்டிலும் ஐம்பத்து நாலு, ஐம்பத்து நாலு என்று அவள் கையே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஏற்றுகிறவர்களுக்கு ஐம்பத்தாறு மனப்பாடம்தான், இருந்தாலும் வேனக்கா எழுதினால் காரணம் இருக்கும் என்று வேனுக்கு இரண்டு டிரேயை இறக்கி வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் அந்தப் போன் இப்படி அடித்ததே இல்லை.

பணியாளர் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். போனால் மனிதர் எழுந்து நின்று கைகொடுக்கிறார்.

"இத்தனை வருஷமா உங்க பக்கத்திலிருந்து ஒரு பிரச்சினைகூட மேல வந்ததில்லை. நீங்க என்ன வேலை பார்க்குறீங்கன்னே மேல யாருக்கும் தெரியாது. இன்னைக்கு உங்களைப் பத்தி ரெண்டு கூட்டம் போட்டிருக்கோம். இப்பத்தான் உங்ககிட்ட ஒரு நிர்வாகக் களை தெரியுது."

மறுதேர்வு எழுதினாள். கணக்கு அறுபத்து மூன்று, பட்டியல் அறுபத்தாறு. வாத்தியார் சொன்ன அளவுக்கு அச்சாக வந்துவிட்டது. ஆனால் யாருமே எதிர்பார்க்காத ஒன்று நடந்திருந்தது. மொழியில் எழுபத்தொன்பது.

எப்படி ஏறியது என்று கல்லூரி விசாரணையே வைத்தது. காரணம் எளிது. இறக்க வகுப்பில் சேர்ந்த அன்று கல்லூரியின் விதிநூல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள், இருநூற்று நாற்பது பக்கம். வேறு வழி ஏதாவது இருக்குமா என்று பார்ப்பதற்காக அவள் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்தாள். அதைப் படித்தவர்கள் அதுவரை யாருமில்லை, எழுதியவர் உட்பட. அதைப் புரிந்துகொள்கிற மூளைக்குத் தேர்வில் வந்த பத்திகள் எம்மாத்திரம்? 'தற்போது மொழி கூடுதலாக உள்ளது. வேறுபாடு பதினாறு. சரிக்கட்டிக்கொண்டு வரவும். இதுவே கடைசி வாய்ப்பு' என்று அடுத்த கடிதம் வந்தது.

ஆக, மொழி இறக்க வகுப்பு. அதை நடத்தியவர் கல்லூரியின் கடிதங்களையெல்லாம் வரைவு செய்கிற அலுவலர். ஒரு வாக்கியத்தை எழுவாயில் தொடங்கிப் பயனிலையில் முடித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிற அவளுடைய கெட்ட பழக்கத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். மேற்படி பொருள் குறித்து மேற்காணும் பார்வையின்படி மேற்கொள்ளப்பட வேண்டிய மேல்நடவடிக்கை மேலிடத்தின் மேலான பார்வைக்கு என்று எழுதி, அங்கேயே நிறுத்திக் காட்டினார். என்ன நடந்தது, யார் செய்தது, இந்த இரண்டும் படிக்கிறவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும், மதிப்பெண் தானாக இறங்கும் என்றார். அவள் சிரத்தையாகப் பழகினாள். வீட்டில் உப்பு எங்கே என்று புருஷன் கேட்டதற்கு, அது சம்பந்தமாக ஆவன செய்யப்படும் என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

கடைசித் தேர்வு வருட முடிவுக்கு ஒரு வாரம் முன்னால், காலை ஒன்பது மணிக்கு. ஒன்பதுக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் இரண்டு வாசலையும் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு மேடையைத் தானே பார்த்துக்கொள்வதாகப் பணியாளர் அதிகாரி பெரிய மனசோடு ஒத்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏழரைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அங்கேதான் வினை.

இரண்டு அடுப்புகளில் ஒன்று விடியுமுன்பே நின்றுபோயிருந்தது. வழக்கமாக இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு டிரே வர வேண்டிய மேடையில் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுதான் நின்றது. நாற்பத்திரண்டு டிரைவர்களும் இறங்கி நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். பணியாளர் அதிகாரி நடுவில் நின்றார், கையில் சீட்டுக் கட்டு. அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"நீங்க கிளம்புங்க. நான் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துட்டேன். வேனுக்கு நாப்பத்தஞ்சு. யாருக்கும் கூட இல்ல, யாருக்கும் குறைய இல்ல."

"ஆஸ்பத்திரி வேனுக்குமா?"

"எல்லாருக்கும்தான். அதுதானே சமநிலை."

கடிகாரத்தில் ஏழு நாற்பது. பேருந்து எட்டு மணிக்கு. இதை விட்டால் நாற்காலி இல்லை, பலகை இல்லை, அடுத்த மாதம் எவனோ ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று, சார் இது ஆஸ்பத்திரி வேன் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில் காலை மாத்திரைக்கு முன்னால் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். தெருமுனைக் கடைக்கு நேற்றைய மிச்சமே எட்டு டிரே கிடக்கிறது என்பதும் தெரியும். இதெல்லாம் அந்த மேடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கை வலித்தவளைப் போல ஒரு தடவை உதறிக்கொண்டாள். பிறகு அவர் கையிலிருந்த சீட்டுக் கட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஆறு வேன், பள்ளிக்கூடங்களுக்குப் பதினொன்று. பதினேழு வேனுக்கும் ஏழு அடுக்கு, அடுக்குக்கு எட்டு, ஐம்பத்தாறு. அந்தக் கூச்ச சுபாவக்காரர் வரவே இல்லை. பதினேழு வேனுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு போக, மீதி தொள்ளாயிரத்து முப்பத்தெட்டை இருபத்தைந்து வேனுக்குப் பிரித்தாள். மிச்சம் கிடக்கிற கடைக்கு முப்பது, பெரிய கடைக்கு நாற்பத்து நாலு, பேருந்து நிலையக் கடைக்கு நாற்பத்தொன்று, ஒன்றுக்கு இருபத்தொன்பது. எதுவும் எதற்கும் சமமில்லை. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பது இருபதுக்குக் கடைசி வேன் கிளம்பியபோது மேடையில் ஒரு டிரேகூட மிச்சமில்லை, எங்கிருந்தும் போன் வரவுமில்லை.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஒருவர் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டில் மகளைக் கூப்பிட்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு, அன்றைக்கு அம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். எனக்கு அப்பவே தெரியும், நீ சொன்னேன்னுதான் எழுதினேன் என்றது அந்தப் பெண்.

வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. ஒரு ஆள் இல்லை, இரண்டு எழுத்தர்களும் வந்தார்கள், ஆளுக்கொரு பூங்கொத்தோடு. கொடுத்த கடிதத்தில் இப்படி இருந்தது: 'மொழி: பூஜ்யம். கணக்கு: பூஜ்யம். பட்டியல்: பூஜ்யம். வேறுபாடு: பூஜ்யம். கல்லூரி வரலாற்றில் முழுமையான சமநிலை எட்டப்படுவது இதுவே முதல் முறை. தங்களை முதல் மாணவியாகச் சேர்த்துக்கொள்வதில் பெருமையடைகிறோம்.'

தேர்வுக்கு வராதவர்கள் வேறு யாருமே இல்லையா என்று வேனக்கா கேட்டாள். இருந்தார்கள், எட்டுப் பேர். ஆனால் வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்து எல்லாரும் கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதத்துக்காக மொழிப் பிரிவில் ஆளுக்கு இரண்டு மதிப்பெண் விழுந்து, அவர்களுடைய சமநிலை கெட்டுவிட்டது. எழுதக்கூட நேரமில்லாமல் இருந்தவள் இவள் ஒருத்திதான்.

தலைவர் தொலைபேசியில் பேசினார். குரல் தழுதழுத்தது. வகுப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் வற்புறுத்தினார். எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவில் வர வேண்டும், முடியாவிட்டால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவில் வராமல் இருக்க வேண்டும், எப்படி இருந்தாலும் கல்லூரிக்குச் சம்மதம். இரண்டாவது முறையே தனக்கு வசதி என்றாள் அவள். நீங்கள் அதைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்று தெரியும் என்றார் தலைவர்.

மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பணியாளர் அதிகாரியிடம் போனாள். அவர் படித்தார், முத்திரை குத்தினார், கோப்பில் வைத்தார். பிறகு அவளோடு நடந்து வந்து, தன் கையாலேயே அறைக் கதவிலிருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். வெறும் 'மேலாளர்'. ஆறு வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட பலகை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"வாழ்த்துகள். இனிமே உங்களுக்குப் பொறுப்பு கிடையாது."

அப்படியென்றால் நாளைக் காலை சீட்டு யார் எழுதுவது என்று கேட்டாள். அது பொறுப்பில் இருப்பவர் வேலை என்றார். பொறுப்பில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். இப்போதைக்கு யாருமில்லை, இதுவரைக்கும் நீங்கள்தானே இருந்தீர்கள் என்றார். அதோடு, மேலாளர், அதாவது நீங்கள், கல்லூரியில் படிக்கிற இரண்டு வருடமும் பணியில் இல்லை என்றுதான் கணக்கு, ஆகவே பொறுப்புக்கு ஒரு ஆள் உடனே வேண்டும், நல்லவேளையாகப் பொறுப்புக்குப் பட்டம் தேவையில்லை, வேலை தெரிந்தால் போதும் என்றும் சொன்னார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க."

வேனக்கா யோசித்தாள். இந்தத் தடவை அவசரப்படாமலே யோசித்தாள்.

"நானே இருக்கலாமா சார்?"

அவர் விதிகளைப் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, விண்ணப்பத்தில் அந்தப் பிரிவின் மேலாளர் பரிந்துரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேலாளர்தான் எதிரிலேயே நிற்கிறாரே என்று அவருக்கும் சந்தோஷம். படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மேல்பாதியில் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே 'மேலாளரின் கருத்து' என்று நாலு கோடு விட்டிருந்தது. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'இவருக்கு வேலை தெரியும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஆறு வருடத்தில் அவளைப் பற்றி ஒரு மேலாளர் எழுதிக்கொடுத்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.